கரை வருமுன் பாடிய பாட்டு

கப்பல் பாட்டைக் கரையில் பாடக் கூடாது என்பது மாலுமிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு. பாய் ஏற்ற ஒரு பாட்டு, நங்கூரம் தூக்க ஒரு பாட்டு, பம்பு அடிக்க ஒரு பாட்டு என்று வேலைக்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள். கையில் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்து அதைப் பாடுகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அதனால் ஜேபெஸ் லெர்வில் தன் வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்து பாடியதில்லை. டெவன் கடலோரத்து ஆப்பிள்டோரில் அவர் மனைவி தர்சா அவரோடு கால் நூற்றாண்டுக்கு மேல் குடித்தனம் நடத்தியவள். குடித்தனமென்ன, கப்பல்காரன் குடித்தனம். அவர் வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாலைந்து வருடம் தேறலாம். தன் புருஷன் பாடுகிறவர் என்பது அவளுக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும்.

"நீங்க பாடினா செத்தவன்கூட எழுந்து வந்து கயிறு இழுப்பான்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது உங்க குறட்டை மட்டுந்தான்" என்பாள்.

"குறட்டைக்கும் சம்பளம் குடுத்தா அதையும் கப்பல்ல விட்டுட்டு வந்திருப்பேன்" என்பார் லெர்வில்.

ஊரார் சொன்னது ஒன்றும் மிகையில்லை. பெரிய பாயைத் தாங்கும் குறுக்குமரம் ஒன்றை மேலே ஏற்ற வேண்டுமென்றால், நனைந்த பாயும் சங்கிலியும் சேர்ந்து ஒரு வீட்டின் கனம் கனக்கும். பத்துப் பேர் தங்கள் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்தால் அது அசையக்கூட அசையாது. லெர்வில் கயிற்றின் தலைமாட்டில் நின்று, தொண்டையைக் கனைத்து, ஒரு வரி எடுத்து விடுவார். அந்த வரியில் ஏதோ ஒரு இடத்தில் ஒரு சொல் சம்மட்டிபோல் விழும். அந்தச் சொல்லில் பத்துப் பேரும் ஒரே ஆளாகச் சாய்வார்கள். மரம் மேலே போகும். அதைப் பார்த்த பயணிகள் வாயடைத்து நின்றிருக்கிறார்கள். சொல்லப்போனால், எத்தனையோ வருடம் அவரோடு கயிறு பிடித்தவர்களுக்கும் அந்த ஆச்சரியம் தீர்ந்தபாடில்லை. இழுக்கிறவன் தான் இழுப்பதாகவே நினைக்க மாட்டான். பாட்டு தன் கையை எடுத்துக்கொண்டு போவதாகத்தான் நினைப்பான்.

அந்தக் குரல்தான் லெர்விலுக்குச் சோறு போட்டது. வயது அறுபதைத் தொட்டுவிட்டது. மரத்தில் ஏறினால் முழங்கால் நடுங்கும். வேலைக்குச் சேரும்போது நாற்பத்தைந்து என்று கூசாமல் சொல்வார். கேப்டன்களும் அந்த நரைத்த மீசையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாற்பத்தைந்து என்றே எழுதிக்கொள்வார்கள். வயதுக்காக இல்லை, குரலுக்காகத்தான் அவரை எடுத்தார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த விஷயம். குரல் போனால் அடுத்த நாளே கரையில்தான் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம்.

அந்த வருடம் 'செலினா' என்ற மூன்று பாய்மரக் கப்பலில் அவர் பர்மாக் கரைக்குப் போனார். கிழட்டு மரக்கப்பல். அக்யாப் துறைமுகத்தில் அடிவயிறு நிறைய அரிசி மூட்டை ஏற்றினார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு அரிசி என்றால் ஞாயிற்றுக்கிழமை பாலில் போட்டு இனிப்பாகத் தின்கிற சமாசாரம். அது தண்ணீர் பட்டால் என்ன செய்யும் என்பதைக் கப்பல்காரன் மட்டுமே அறிவான். ஈரம் பட்ட அரிசி ஊதும். ஊதினால் மூட்டை வெடிக்கும். மூட்டைக்கு இடம் போதாவிட்டால் கப்பலின் பலகையை உள்ளிருந்தே நெம்பிப் பிரித்துவிடும். எதிரியைக் கூலி கொடுத்து ஏற்றிக்கொண்டு வருவது மாதிரிதான்.

அக்யாபில்தான் லெர்வில் முதன்முதலில் இருமலோடு ரத்தம் துப்பினார். கரையிலிருந்த வைத்தியர் ஒரு கரண்டியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "பேசிக்கோ, பரவாயில்ல. கத்திப் பாடாதே. பாடினா பேச்சும் இருக்காது" என்றார். லெர்வில் இதை யாரிடமும் சொல்லவில்லை. கப்பல் சமையற்காரனுக்கு மட்டும் தெரிந்துபோயிற்று. கப்பலில் சமையற்காரனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கை பட்டதைத் தின்று யாரும் குணமானதாகச் சரித்திரம் இல்லை. அந்த டாக்டரிடம் லெர்வில் தினமும் வெந்நீரில் வெல்லப்பாகு கலந்து வாங்கிக் குடித்தார்.

"பெருசு, இந்த வெல்லப்பாகு எல்லாருக்கும் பொது. நீ ஒருத்தனே குடிச்சுத் தீத்துருவ போலிருக்கே" என்றான் டாக்டர்.

"உன் சமையலைத் தின்னு நாக்கு செத்துப்போச்சு. தொண்டையாவது பிழைக்கட்டும்னு குடிக்கிறேன்."

டாக்டர் அவர் கைக்குட்டையில் இருந்த கறையைப் பார்த்தான். அதற்குப் பிறகு கேட்காமலே கலந்து கொடுத்தான், வெளியில் மூச்சு விடவில்லை.

ஒரு வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் ஒரு வேலை இருப்பதுபோல், ஒரு பாட்டு பயணத்தின் கடைசி வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. கப்பல் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட பின், அடியில் ஊறிய தண்ணீரைக் கடைசி முறையாக இறைப்பார்கள். அப்போது பாட்டுக்காரன் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டலாம். புழுத்த பிஸ்கட்டைப் பற்றி, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட்டின் வாய்க்கொழுப்பைப் பற்றி, கேப்டனின் கஞ்சத்தனத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் பாடலாம். யாரும் அவனைத் தண்டிக்க முடியாது. பயணம் முழுக்க 'ஆகட்டும் ஐயா' என்று அடங்கிக் கிடந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நியாயஸ்தலம். லெர்வில் இதில் பேர்போனவர். அவர் பாடுகிறார் என்று தெரிந்தால் சில கேப்டன்கள் அன்று வயிற்றுவலி என்று அறைக்குள்ளேயே இருந்துவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பாட்டை நடுக்கடலில் பாடக் கூடாது. ஒரு வரி முணுமுணுத்தாலும் குற்றம். அதிகாரிகளுக்கு அது கலகம். மாலுமிகளுக்கு அதைவிட மோசம். கரை வந்துவிட்டது என்று சொல்கிற பாட்டைக் கரை வராமல் பாடினால், அந்தக் கப்பல் கரையையே பார்க்காது என்று அவர்கள் திடமாக நம்பினார்கள்.

செலினா நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, அட்லாண்டிக்கில் ஏறி, அசோர்ஸ் தீவுகளை நெருங்கியபோது கசிய ஆரம்பித்தது. மேட் கிராடக் ஓர் இரும்புக் கம்பியைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் அடிவரைக்கும் இறக்கி, கம்பியில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கேப்டன் பாஸ்கோவிடம் போனார்.

"ஃபயால் துறைமுகம் ஒரு நாள் தொலைவுதான் ஐயா. போய் அடைச்சுட்டுப் போயிடலாம்."

பாஸ்கோ கெட்டவர் இல்லை. கார்ன்வாலில் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிறவர், ஜெபிக்காமல் சாப்பிட மாட்டார். ஆனால் காற்று அன்றைக்கு அத்தனை சாதகமாக வீசியது. நல்ல காற்றை விட்டுவிடுவது அவருக்குக் கடவுள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. "வேண்டாம், மிஸ்டர் கிராடக். இந்தக் காற்று வீட்டுக்குப் போகச் சொல்லுது" என்றார். ஃபயாலின் மலை வலப்பக்கம் தெரிந்தது, பின்னால் போயிற்று. கப்பலில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பிஸ்கே வளைகுடாவின் வாய்க்கு எதிரே காற்று திரும்பியது. வடமேற்கிலிருந்து புயல் அடித்தது. கடல் எழும்பி எழும்பி விழுந்ததில் கப்பலின் பலகைகள் வாய் பிளந்தன, தண்ணீர் அரிசிக்குள் போயிற்று. அதற்குப் பிறகு பம்புதான். நடுப்பாய்மரத்தின் அடியில் இருந்த பம்பின் இரண்டு பக்கத் தண்டுகளையும் ஆள்மாற்றி ஆள்மாற்றி அடித்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, மேலே அலை புரண்டுபோகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, அலை போனதும் மறுபடி அடித்தார்கள். பம்பின் வாயிலிருந்து முதலில் கடல் தண்ணீர் வந்தது. பிறகு கலங்கலாக வந்தது. பிறகு கெட்டியாக, புளித்த நாற்றத்தோடு, கஞ்சியே வந்தது. ஊதிய அரிசி குழாயை அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கையால் வழித்துப்போட்டு மறுபடி மாட்டுவார்கள். காலடியில் பலகைகள் உள்ளுக்குள் முனகுவது எல்லோர் காதிலும் விழுந்தது.

லெர்வில் பாடினார். முதலில் அடங்கிய குரலில்தான் பாடினார், வைத்தியர் சொன்னது ஞாபகம் இருந்தது. புயலில் அது யாருக்கும் எட்டவில்லை. எட்டாத பாட்டுக்குக் கை ஓடாது. குரலை உயர்த்தினார், கை ஓடியது. அன்று முழுவதும், அடுத்த நாளும் பாடினார். தனக்குத் தெரிந்த பம்புப் பாட்டெல்லாம் தீர்ந்து, பாய்ப் பாட்டுக்கு வந்து, அதுவும் தீர்ந்து, நங்கூரப் பாட்டையும் பாடிவிட்டார். கேட்ட பாட்டையே கேட்டுக் கேட்டு ஆட்கள் மரத்துப்போனார்கள். ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் எதிர்ப்பாட்டுக்கு வாய் வரவில்லை. தண்டு மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் கிராடக் இரும்புக் கம்பியை இறக்கி எடுத்தார். ஈரம் மேலே ஏறியிருந்தது. அவர் கம்பியைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார், ஆனால் நெட் ஃபாலன் பார்த்துவிட்டான். இவன் லிவர்பூல்காரன், கப்பலிலேயே பலசாலி, வாயாடியும் அவன்தான். அவன் தண்டை விட்டுவிட்டு நேராகப் படகை நோக்கிப் போனான். ஒரு படகை அலை முன்பே நொறுக்கிவிட்டது, மீதி இருந்தது ஒன்று. இடுப்புக் கத்தியை உருவி அதன் கட்டை அறுக்க ஆரம்பித்தான். ஒவ்வொருவராகப் பம்பை விட்டு அவன் பின்னால் போனார்கள்.

"டேய், வாங்கடா இங்க. அந்தப் படகுல பாதிப் பேருக்கு இடமில்ல. இந்தக் கடல்ல இறக்கின உடனே கவுந்துரும்" என்று கிராடக் கத்தினார்.

"கவுந்தா சட்டுனு சாவோம்" என்றான் நெட், திரும்பாமலே. "இங்க கஞ்சி எறச்சுக்கிட்டு சாவணுமா? ஃபயால்ல நின்னிருந்தா இந்நேரம் காயப் போட்ட சட்டையோட உக்காந்திருப்போம். போய் உங்க கிழவன்கிட்ட சொல்லுங்க."

கிழவன் என்று அவன் சொன்னது கேப்டனை. கேப்டன் பாஸ்கோ பின்தளத்தில் சுக்கான் சக்கரத்தின் அருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பில் லெர்வில் மட்டும் மிஞ்சியிருந்தார். ஓர் ஆள் அடித்து அசைகிற தண்டு இல்லை அது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நேரத்தில், பாடாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே பாட்டு அவர் நினைவுக்கு வந்தது. பயந்துபோனார். ஐம்பது வருடக் கடல் வாழ்க்கையில் புயலுக்குக்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பக்கத்தில் வந்து நின்ற டாக்டர் அவர் தோளைப் பிடித்தான்.

"பெருசு, போதும். இதுக்கு மேல கத்தினா அவ்வளவுதான், தொண்டை திரும்ப வராது."

"தொண்டைய வச்சுக்கிட்டுக் கடலுக்கு அடியில போய் யாருக்குப் பாடறது?" என்றார் லெர்வில். தலையை நிமிர்த்தி, படகின் பக்கம் பார்த்து, முழுக் குரலில் எடுத்தார்.

உப்புக்கண்டம் போட்டாங்க, ஒடச்சுத் தின்னக் கோடாலி எங்க?
மூட்டையைக் கட்டு, கரை வந்தாச்சு.

படகைச் சுற்றி நின்றவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். நெட் கத்தியோடு திரும்பி ஓடி வந்தான்.

"வேணாம் பெருசு. அந்தப் பாட்டு வேணாம். அதப் பாடினா கப்பல் கரை சேராது."

"பாடலேன்னா மட்டும் சேரப்போகுதா? வந்தவன் சும்மா நிக்காத, கையப் போடு."

டாக்டரு வச்ச சூப்புக்குள்ள எலியே குதிச்சுச் செத்துப்போச்சு.

"அடப்பாவி, அது எலி இல்ல" என்றான் டாக்டர், தண்டைப் பிடித்துக்கொண்டே. யாரோ சிரித்தார்கள். இரண்டு நாளாக அந்தக் கப்பலில் யாரும் சிரித்திருக்கவில்லை. சிரித்தவன் வந்து தண்டைப் பிடித்தான். மூட்டையைக் கட்டு, கரை வந்தாச்சு என்று இரண்டு மூன்று குரல் சேர்ந்தது. தண்டு அசைந்தது.

மேட்டு வாயத் தொறந்துபுட்டா புயலு காதப் பொத்திக்கிது.

இதற்கு ஒரு கூட்டமே எதிர்ப்பாட்டு சொல்லிற்று. கிராடக் முகம் சிவந்தது. நடுக்கடலில், அதிகாரியின் முகத்துக்கு நேரே, இது விலங்கு மாட்டுகிற குற்றம். அவர் வாயைத் திறந்தார். திறந்தால் பாட்டு உண்மையாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார். பம்பு முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தது. நெட் ஃபாலனும் கத்தியை உறையில் போட்டுவிட்டுத் தண்டில் கை வைத்தான்.

அப்போது லெர்வில் பின்தளத்தை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வேண்டியது அங்கேதான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் கேலி, அதில் இவர்கள் அதிக நேரம் ஓட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஃபயால் வாசல் தெறந்திருக்க, பாக்காதது போல வந்தாரு.
பம்படிச்சு நாங்க சாக, பைபிள் எடுத்து ஒக்காந்தாரு.

எதிர்ப்பாட்டு வரவில்லை. ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. தண்டு பாதியில் நின்றது. காற்று மட்டும் கயிறுகளில் ஊளையிட்டது. கேப்டன் பாஸ்கோ பின்தளத்துப் படியில் இறங்கி வந்தார். அலை ஒன்று அவரை இடுப்புவரை நனைத்துவிட்டுப் போயிற்று. நேராக லெர்விலின் எதிரே வந்து நின்றார். மேலங்கியைக் கழற்றி வீசினார், நெட் ஃபாலனை விலக்கிவிட்டுத் தண்டில் இரண்டு கையையும் வைத்தார். பிரசங்கக் குரலில், சுருதியென்று ஒன்று இருப்பதே தெரியாமல், தனியாகச் சொன்னார்:

"மூட்டையைக் கட்டு, கரை வந்தாச்சு."

பிறகு நடந்ததைச் சொன்னால் கப்பல் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். அந்த ஆட்களுக்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. உள்ளங்கையில் தோல் இல்லை, நின்றுகொண்டே தூங்கியவர்கள். அவர்கள் அன்று பகல் முழுவதும் அந்தப் பம்பை ஓட்டினார்கள், ஒருவர்கூட உட்காரவில்லை. லெர்வில் வரிக்கு வரி புதிதாகக் கட்டினார். புழுவை, ஒழுகும் கூரையை, கேப்டனின் பிரசங்கத்தை, நெட்டின் கடன்கார மாமியாரை, கடைசியில் கடலையே இழுத்துவைத்துத் திட்டினார். ஒவ்வொரு வரிக்கும் கேப்டனின் கட்டைக்குரல் எதிர்ப்பாட்டில் தனியாகக் கேட்டது. அரிசிக் கஞ்சி வாய்க்காலாக ஓடிக் கடலில் விழுந்தது. ஒரு கிழவனின் தொண்டை ஒரு கப்பலைத் தாங்கிப்பிடித்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பின்னாளில் எந்தத் தேவாலயத்துக்குள் போனாலும் அந்த மேல்தளம்தான் நினைவுக்கு வந்தது.

பொழுது சாயும் வேளையில் கிராடக் கம்பியை இறக்கி எடுத்தார். இந்த முறை மறைக்கவில்லை. தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக் காட்டினார். ஈரம் கீழே இறங்கியிருந்தது. காற்றும் மேற்குக்குத் திரும்பித் தணிந்தது. லெர்வில் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார், மூச்சு மட்டும் வந்தது. இன்னொரு தரம் முயன்றார். பிறகு கையை ஆட்டிவிட்டு, பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். டாக்டர் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். அதில் வெல்லப்பாகு மொத்தத்தையும் கவிழ்த்திருந்தான்.

குரல் திரும்பவில்லை. ஃபால்மத் துறைமுகத்துக்குள் இழுபடகு செலினாவைக் கூட்டிப்போனபோது, ரொட்டி விற்கும் படகுகள் சுற்றி மொய்த்தன. ஆட்கள் புது ரொட்டியை வெண்ணெயோடு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். லெர்வில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து நின்றார். இனி எந்தக் கேப்டனும் தன்னை எடுக்க மாட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தர்சாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். அவள் கேட்காமலே போன குரல், இனி கேட்கவே முடியாத குரல் ஆகிவிட்டது. அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

நங்கூரம் விழுந்தது. "கடைசித் தண்ணி. பம்புக்கு வாங்க" என்றார் கிராடக்.

எல்லோரும் வந்து நின்றார்கள். லெர்வில் பழக்கத்தில் தண்டின் தலைமாட்டுக்குப் போய் நின்றார். அதன் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. பாட்டை ஏற்கெனவே பாடித் தீர்த்தாயிற்று. பாடவும் ஆள் இல்லை. தண்டு சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. கடைசி நாளில் பம்பு ஊமையாக ஓடியதை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. லெர்வில் தலையைக் குனிந்துகொண்டார்.

நெட் ஃபாலன் காறித் துப்பிவிட்டு, கழுதைக் குரலில் ஆரம்பித்தான்.

லெர்வில் பெருசு பாடக் கேட்டு ரெண்டு திமிங்கிலம் ஊர விட்டுப் போச்சு.

"மூட்டையைக் கட்டு, கரை வந்தாச்சு" என்று கப்பலே அதிர்ந்தது. லெர்வில் நிமிர்ந்து பார்த்தார்.

வெல்லப்பாகுப் பீப்பாயெல்லாம் வெறும் பீப்பாயாப் பண்ணிப்புட்டான், என்றான் டாக்டர்.

நாப்பத்தஞ்சு வயசுன்னானே, நரைச்ச மீசை சிரிக்குதடா, என்றார் மேட் கிராடக். பாடிவிட்டுத் தன் சத்தத்துக்குத் தானே காதைப் பொத்திக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு வரியாக அவரைக் கிழித்தார்கள். அவர் குறட்டையை, அவர் முழங்காலை, அவர் துவைக்காத காலுறையை. ஒருவரையும் விட்டுவைக்காத மனிதரை ஒருவரும் விட்டுவைக்கவில்லை. லெர்விலின் தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் கேப்டன் பாஸ்கோ வந்தார். அன்று அவருக்கு வயிற்றுவலி வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, லெர்விலைப் பார்த்து, அதே சுருதி கெட்ட குரலில் பாடினார்.

கரை வராமப் பாடிப்புட்டான், கப்பல் சட்டம் மீறிப்புட்டான்.
பாட்டு பொய்யாப் போகாம, பாவி, கரையக் கொண்டு சேத்துப்புட்டான்.

"போதும்ப்பா" என்றார் கிராடக். பயணம் முடிந்தது, இனி நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்பதற்குக் கப்பலில் சொல்கிற சொல் அதுதான். அதைக் கேட்டதும் தண்டைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அன்று ஒருவரும் கையை எடுக்கவில்லை. லெர்வில் தண்டைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராத வாயால், அவர்களோடு சேர்ந்து எதிர்ப்பாட்டு சொல்லிக்கொண்டிருந்தார். பம்பில் தண்ணீர் எப்போதோ நின்றுபோயிருந்தது.